லண்டனா, பாரிஸா, நியூயார்க்கா: ஒரு சுவருக்கு ஒரு தெருவியாபாரி

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவர் ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது. பழைய காலத் தெருவியாபாரி புகைப்படம் ஒன்றை அங்கே மாட்டலாம் என்று தேட ஆரம்பித்தேன். கடைசிச் சுற்றில் மூன்று நின்றன. 1877-இல் லண்டன் தெருக்களைப் பற்றி ஜான் தாம்சன் வெளியிட்ட படங்கள் ஒன்று. 1898 முதல் 1900 வரை பாரிஸில் யூஜீன் அட்ஜே எடுத்தவை இன்னொன்று. மூன்றாவது, 1900-ஐ ஒட்டி டெட்ராய்ட் போட்டோகிராஃபிக் கம்பெனி வெளியிட்ட நியூயார்க் மல்பெரி தெரு. மூன்றுக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது. பெரிய அளவுக் கோப்புகளை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இலவசமாகவே தருகின்றன. செலவு அச்சுக்கும் சட்டத்துக்கும்தான்.

மெட்ராஸ் படம் ஏன் இல்லை என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர்க் கூடைக்காரிகளும் தயிர்க்காரிகளும் பெரும்பாலும் பழைய அஞ்சலட்டைகளாகத்தான் கைக்குக் கிடைக்கிறார்கள். அட்டையின் அளவே 9க்கு 14 செ.மீ. அதை ஸ்கேன் செய்து இரண்டடிக்கு இழுத்தால் முகத்துக்குப் பதில் அச்சுப் புள்ளிதான் தெரியும். நாலைந்து அட்டைகளை அதே அளவில் ஒரே சட்டத்தில் போட்டால் அழகாக இருக்கும். அது வேறு சுவருக்கு.

தாம்சனில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் முதலில் மயங்கியது அங்கேதான். கோவென்ட் கார்டன் பூக்காரிகள், அரைப் பென்னி ஐஸ் விற்பவர், ஸ்ட்ராபெரி வண்டி என்று மொத்தம் 36 படங்கள். மாதாமாதம் தொடராக, அடால்ஃப் ஸ்மித்தின் கட்டுரைகளோடு வந்தவை. அச்சும் அபாரம். வுட்பரிடைப் என்ற முறையில் கரி நிறமியை ஜெலட்டினில் கலந்து அச்சிட்டதால் புள்ளியே இல்லை, நிறமும் மங்கவில்லை. ஆனால் மூலப் படத்தின் அளவு சுமார் 11க்கு 9 செ.மீ.தான். கையில் வைத்துப் பார்க்கச் செய்தது. ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்க்க அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கேனி’ என்று ஒருவர் அதில் இருக்கிறார். தெருவோரம் உட்கார்ந்து நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறார். அவர் ஒரு காலத்தில் மேடைக் கோமாளி என்பது கட்டுரையைப் படித்தால்தான் தெரியும். எழுத்தைப் பிரித்துவிட்டுப் படத்தை மட்டும் சுவரில் ஏற்றினால் பாதி ஆள்தான் வருகிறார். தொடரிலேயே அதிகம் தேடப்படும் படம், படிக்கட்டில் குழந்தையோடு சுருண்டு உட்கார்ந்திருக்கும் ஏழைப் பெண்ணுடையது. அதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்ட எனக்கு மனம் வரவில்லை. புத்தகமாக வைத்துக்கொள்வேன்.

மல்பெரி தெரு இதற்கு நேரெதிர். இத்தாலியக் குடியேறிகள் நிறைந்த தெரு, இருபுறமும் காய்கறி வண்டிகள், நடுவே ஜனத்திரள், அதில் பலர் கேமராவையே பார்க்கிறார்கள். வண்ணம் மட்டும் நிஜமல்ல. கறுப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து, நிறத்துக்கு ஒரு கல் என்று லித்தோ கற்களில் (அச்சிடப் பயன்படும் தட்டையான கற்கள்) ஏற்றி அச்சிட்ட ஃபோட்டோக்ரோம் அது. சட்டையின் சிவப்பு அச்சகத்தில் முடிவானது. போதாக்குறைக்கு, இப்போது கம்ப்யூட்டரில் புதிதாக நிறமேற்றிய பிரதிகளும் சுற்றுகின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கோப்பை எடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை. அந்தக் கம்பெனியின் பெரிய கண்ணாடி நெகட்டிவ்கள் 8க்கு 10 அங்குலம், துணிந்து பெரிதாக்கலாம். சொல்லப்போனால் பெரிதாக்கித்தான் ஆகவேண்டும். மூன்றடிக்குக் குறைந்தால் முகமெல்லாம் கடுகாகி, வெறும் கூட்டம்தான் மிஞ்சும்.

அட்ஜேயிடம் கூட்டமே இல்லை. ஒரு படம், ஒரு ஆள். 18க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடு, முக்காலி, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும் வியாபாரி. ஆள் மட்டும் துல்லியமாக விழுந்து, பின்னால் தெரு கலங்கிப் போயிருக்கும். லெபிக் தெருவில் லாம்ப் ஷேட் விற்பவரைப் பாருங்கள். உடம்பு முழுக்கச் சரக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கல் பாவிய தெருவில் நிற்கிறார். ஆறடி தள்ளிப் பார்த்தாலும் அந்த உருவம் ஒரே பார்வையில் பிடிபடுகிறது. அவருக்குக் கட்டுரை துணை வேண்டாம், நிறமும் வேண்டாம். இன்னொரு கணக்கும் என் மனதில் இருந்தது. அட்ஜே 1927-இல் இறந்தபின் அவருடைய படங்களையும் தகடுகளையும் வாங்கிக் காப்பாற்றியவர் பெரனிஸ் அபட் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். அவரே பின்னாளில் நியூயார்க்கில், 1938-இல், ஹெஸ்டர் தெரு முனையில் சோளம் சுட்டு விற்பவரைப் படமெடுத்தார். பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தால் யார் வருவார் என்று இப்போதே தெரியும்.

ஆக, லாம்ப் ஷேட்காரர். 12க்கு 16 அங்குலப் படம், சுற்றிலும் இரண்டு அங்குல மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வரும் அட்டை ஓரம்), 16க்கு 20 சட்டம். முதல் அச்சில் கடைக்காரர் மூலத்தின் பழுப்பைச் சாம்பலாக்கி, போதாதென்று விளிம்புகளைக் கூர்மையாக்கியும் தந்தார். கோப்பில் எதையும் தொடவேண்டாம் என்று சொல்லி, மேட் காகிதத்தில் மறுபடி எடுத்தேன். மவுண்ட் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். படம் நேராகக் கண்ணாடியில் பட்டால் மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்த்துத்தான் எடுக்கவேண்டும்.

மல்பெரி தெருதான் வேண்டும் என்று மகள் இன்னும் விடவில்லை. அவள் அறையில் பீரோவை ஜன்னல் பக்கம் நகர்த்தினால் மூன்றடி கிடைக்கிறது, அளந்து பார்த்துவிட்டோம்.