வளர்ச்சித் திட்டம் போட்டுத் தருகிறேன் என்று வந்தவரிடம் 9,600 வெள்ளி போனது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் கணக்கு, வரி அலுவலகம் நடத்துகிறேன். என்னோடு சேர்த்து நான்கு பேர். செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்கள், குத்தகையாளர்கள், மளிகைக் கடைக்காரர்கள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள்.

2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது வரித்துறை வழியாகப் போகும் மின்னணு விலைப்பட்டியல், தொடங்கியதிலிருந்து "எங்களுக்கு எப்போது?" என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். வேலை கூடப்போகிறது, அலுவலகத்தையும் பெரிதாக்கலாம் என்று நினைத்திருந்தபோதுதான் அவர் வந்தார். தொழில் ஆலோசகராம். கோட்டு, டை, நல்ல தமிழ்.

"எச்ஆர்டி கோர்ப்பில் கிளேம் பண்ணிக்கலாம் அக்கா, கைக்காசு போகாது" என்றார். எச்ஆர்டி கோர்ப் என்பது முதலாளிகள் கட்டும் லெவியிலிருந்து ஊழியர் பயிற்சிக்குப் பணம் தரும் அரசு அமைப்பு. பத்து உள்நாட்டுத் தொழிலாளர் இருந்தால்தான் அந்த லெவி கட்டாயம். ஐந்திலிருந்து ஒன்பது பேர் என்றால் விரும்பிச் சேரலாம். நான்கு பேர் உள்ள எங்களுக்கு அந்த வாசலே கிடையாது. ஊராருக்குச் சம்பளக் கணக்குப் போட்டு அந்த லெவியைக் கட்டிக் கொடுப்பவளே நான்! அன்றைக்கு ஏன் உறைக்கவில்லையோ. திட்டத்துக்கான 9,600 வெள்ளியை அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து 58 பக்கத் திட்டம் வந்தது. வழவழ அட்டை. 23ஆம் பக்கத்தில் 'உங்கள் பல் மருத்துவமனைக்கு வரும் வெளிநாட்டவர்கள்' என்று இருந்தது. யாருக்கோ எழுதியதில் பெயரை மாற்றியவர் அந்த வரியை மறந்துவிட்டார். கேட்டதற்கு, "டைப்பிங் மிஸ்டேக் அக்கா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். முகநூலில் 'நிதி ஆலோசனை' என்று விளம்பரம் போடவைத்தார். புலனத்தில் நூற்றுக்கு மேல் செய்திகள் குவிந்தன, அத்தனையும் "லோன் கிடைக்குமா?" என்றுதான். புதிதாக வருபவர்களுக்குக் கட்டணத்தில் 40 விழுக்காடு கழிவு என்றும் அறிவித்தார். அதுவும் ஜூன் மாதத்தில், பாரம் பி, அதாவது சொந்தத் தொழில் செய்பவர்களின் வருமான வரிப் படிவ வேலை, தலைக்கு மேல் இருக்கும்போது. பதினைந்து வருடமாக என்னிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு லாரிக்காரர் படியேறி வந்து, "என்னம்மா, புது ஆளுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலையா?" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

இத்தனையிலும் அந்த ஆலோசகர் என் வாடிக்கையாளர் பட்டியலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. யார் எவ்வளவு தருகிறார்கள், யாருடைய வேலை நேரத்தைத் தின்கிறது என்று பார்க்காமல் என்ன வளர்ச்சித் திட்டம்? அப்புறம் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். வருமானத்தில் பாதி 11 லாரிக்காரர்களிடமிருந்து வருகிறது. 2015இல் ஜிஎஸ்டி வந்தபோது வைத்த கட்டணத்தையே இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். செலவில்லாமல் தெரிந்த சங்கதி இது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. நுகர்வோர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்குத்தான். தொழிலுக்கு வாங்கிய சேவை சேராது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை 5,000 வெள்ளியோடு நின்றுவிடும். வக்கீல் வைத்தால் மீதியும் போகும்.

போன வாரம் அவருடைய புது விளம்பரத்தைப் பார்த்தேன். 'வெற்றி பெற்ற நிறுவனங்கள்' வரிசையில் எங்கள் படிக்கட்டும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. அந்தப் படத்தைக் காட்டி யாராவது வந்தால், முதலில் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.