முழுப் பேச்சையும் கேட்க ஒரு நல்ல இடம்: சி-ஸ்பான் காணொளிக் காப்பகம்

காந்தி இருந்திருந்தால் இந்தியாவின் மத சகிப்பின்மையைக் கண்டு அதிர்ந்திருப்பார் என்று 2015 பிப்ரவரியில் ஒபாமா சொன்னது இங்கே பெரிய செய்தியானது. அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுக் கோபப்பட்டவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்வது சி-ஸ்பான் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அலைவரிசையின் இணையக் காப்பகத்தைத்தான்.

ஒபாமா பேசியது வாஷிங்டனில் ஆண்டுதோறும் நடக்கும் நேஷனல் பிரேயர் பிரேக்ஃபாஸ்டில். 1953இல் அதிபர் ஐசனோவர் காலத்தில் தொடங்கிய பிரார்த்தனைக் காலை விருந்து அது. நடத்தியவர்கள் கிறிஸ்தவர்கள், ஆனால் பல மதத்தாரையும் அழைப்பார்கள். முழுப் பேச்சில் இந்தியாவைத் தொடும் முன் ஒபாமா தன் பக்கத்துக் கணக்கைத்தான் எடுக்கிறார். சிலுவைப் போர்கள், மத விசாரணைகள், கிறிஸ்துவின் பெயரால் நியாயப்படுத்தப்பட்ட அடிமை முறை, நிறவெறிச் சட்டங்கள் எல்லாம் வந்த பிறகுதான் இந்தியா வருகிறது. அதுவும் 'அழகான நாடு' என்ற பாராட்டோடு. வரிசை தெரிந்ததும் எனக்கு அந்தப் பேச்சின் நிறமே மாறிவிட்டது. அன்று கூட்டத்தில் தலாய் லாமாவும் இருந்தார். ஒபாமா அவரை நோக்கிக் கைகூப்புவதையும் பார்க்கலாம்.

கூட்டங்களைத் தொகுத்து வழங்குவது என் தொழில். பேசுகிறவரைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களைத்தான் கண் தேடும். சி-ஸ்பான் என்னைப் போன்றவர்களுக்கென்றே செய்தது. வர்ணனையாளர் நடுவில் புகுந்து விளக்கம் சொல்ல மாட்டார். ஜெபம், வரவேற்பு, நன்றியுரை எல்லாம் அப்படியே ஓடும். 1979இல் கேபிள் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அலைவரிசை இது. அரசுப் பணம் வாங்குவதில்லை. பழைய பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம்.

1994ஆம் ஆண்டுப் பதிவை அவசியம் பாருங்கள். அன்னை தெரசா பேசுகிறார். கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் அன்றைய அதிபர் கிளிண்டன் தம்பதியர் அதே மேடையில் இருக்க, கருக்கலைப்பு கூடாது என்று நேருக்கு நேர் சொல்கிறார். குரலை உயர்த்தவே இல்லை. அரங்கம் எழுந்து கைதட்ட, கிளிண்டன் தம்பதியர் உட்கார்ந்தே இருந்தார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. கிளிண்டனின் மனைவி ஹிலாரி தெரசாவோடு தொடர்ந்து பேசினார். மறு ஆண்டே வாஷிங்டனில் தத்துக்குக் காத்திருக்கும் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. கருத்து ஒத்துப்போகாத இருவர் சேர்ந்து செய்த வேலை அது. எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

2020 பதிவு மனதை வருத்தும். பேராசிரியர் ஆர்தர் புரூக்ஸ் எதிரிகளை நேசிப்பது பற்றி உருக்கமாகப் பேசி முடிக்கிறார். முந்தின நாள்தான் பதவி நீக்க விசாரணையில் செனட்டால் விடுவிக்கப்பட்ட அதிபர் டிரம்ப், அந்தச் செய்தி வந்த நாளிதழை அந்த மேடையிலேயே தூக்கிக் காட்டுகிறார்; தன் பேச்சை, புரூக்ஸ் சொன்னதை ஏற்க முடியுமா தெரியவில்லை என்று ஆரம்பிக்கிறார். அவர் மீது குற்றத் தீர்மானம் கொண்டுவந்த பிரதிநிதிகள் அவையின் அன்றைய தலைவர் நான்சி பெலோசியும் அதே மேடையில்தான். பிரார்த்தனை மேடை அதற்கான இடமே அல்ல என்பது என் கருத்து.

2023இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்கெனச் சிறிய கூட்டத்தைத் தனியே நடத்தத் தொடங்கினார்கள். அதனால் அந்த ஆண்டு முதலான பதிவுகளில் எந்தக் கூட்டம் என்று பார்த்துத் திறக்க வேண்டும். தமிழ் வசன வரிகள் கிடையாது. ஓரளவு ஆங்கிலம் பழகியவர்களுக்கே சரிவரும். தேடும் கட்டத்தில் நிகழ்ச்சியின் பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் தட்டினால் போதும். நேரம் இல்லாதவர்கள் 1994ஐ மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.