44 செ.மீ. போர்டும் நானும்: ஆறு வருடத்தில் 41 நாள்

வேக விண்ட்சர்ஃபிங்குக்கென்றே (பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று, காற்றின் விசையில் தண்ணீர் மேல் விரைவது) செய்த 44 செ.மீ. அகல போர்டு ஒன்றைப் பழையதாக வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கூடவே 5.6 சதுர மீட்டர் பாய், மூன்று ஃபின் (போர்டின் வால் பக்கம் அடியில் மாட்டும் துடுப்பு), பிறகு வேகம் அளக்க ஒரு ஜிபிஎஸ். ஓட்டுவது இங்கிலாந்தில், லிவர்பூலுக்குப் பக்கத்தில் உள்ள வெஸ்ட் கிர்பி கடல்நீர் ஏரியில். டைரியைப் புரட்டிப் பார்த்தால் இந்த போர்டைத் தண்ணீரில் இறக்கியது மொத்தம் 41 நாள்தான். காற்று 25 நாட் வேகத்துக்குக் கீழே (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) இருந்தால் இதன் மேல் நிற்கவே முடியாது, மூழ்கிவிடும். வாங்க நினைப்பவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஜிபிஎஸ்ஸுக்குத் தனியாகச் செலவு செய்ய மனம் வரவில்லை. ஓட்டப்பயிற்சிக் கடிகாரத்தையே கட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் 46 நாட் காட்டியது. நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பியாயிற்று. வீட்டுக்கு வந்து பாதையைத் திறந்து பார்த்தால், 46 வந்த இடம் நான் தலைகுப்புற விழுந்த இடம்! கை தண்ணீருக்குள் போனதும் கடிகாரம் இருப்பிடத்தைத் தவறவிட்டு, பிறகு ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. இந்த விளையாட்டுக்கென வரும் கருவிகள் செயற்கைக்கோள் அலையின் டாப்ளர் மாற்றத்திலிருந்து (நாம் நகர்வதால் அலையின் அதிர்வெண் மாறுவது) வேகத்தை நேரடியாக எடுக்கின்றன. பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் கூடவே பதிகின்றன. அதை வாங்கிய பிறகு என் உண்மையான உச்சம் 31.4 நாட் என்று தெரிந்தது. மானம் போனது, ஆனால் முன்னேற்றம் அங்கிருந்துதான் தொடங்கியது.

போர்டு குறுகலாக இருந்தால் வேகம் தானே வரும் என்று நம்பித்தான் பணத்தைக் கொட்டினேன். வரவில்லை. வேகம் வந்தது தண்ணீரிலிருந்து. வெஸ்ட் கிர்பியில் ஏரிக்கும் டீ (Dee) ஆற்றின் கழிமுகத்துக்கும் நடுவே தாழ்வான ஒரு சுவர் உண்டு. தென்மேற்குக் காற்று அந்தச் சுவரைத் தாண்டி வரும்போது, சுவரை ஒட்டிய தண்ணீரில் அலை எழும்ப இடமே இருக்காது. கண்ணாடி மாதிரி கிடக்கும். சுவரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி ஓடினால் ஒரு வேகம், பத்து மீட்டர் தள்ளினால் வேறு வேகம். ஆனால் சுவர் கல். பயந்து பயந்து அதை நெருங்கவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பெரிய கடலேற்றம் வந்து கடல் சுவருக்கு மேல் வழியும் நேரத்தில் இதெல்லாம் கிடையாது, கரையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான்.

நமீபியாவின் லூடெரிட்ஸில் இதே தத்துவத்தை வைத்துப் பாலைவன ஓரத்தில் வாய்க்காலே வெட்டியிருக்கிறார்கள். 2015 நவம்பரில் அங்கேதான் ஃபிரான்சின் விண்ட்சர்ஃபிங் வீரர் அந்துவான் ஆல்போ 500 மீட்டருக்குச் சராசரி 53.27 நாட் எடுத்தார், மணிக்கு 98 கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் 18 விநாடி சொச்சம். என் சிறந்த 500 மீட்டர் 34.1 நாட், 28 விநாடி சொச்சம். அவருக்கும் எனக்கும் நடுவில் வெறும் பத்து விநாடி என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஃபின். கடையில் சொன்னபடி 28 செ.மீ. ஃபினோடு ஒரு வருடம் ஓட்டினேன். வேகம் ஏறியதும் போர்டைத் தூக்கித் தூக்கிப் போட்டது. 22 செ.மீ.க்கு மாறிய அன்றே இரண்டு நாட் கூடியது. சின்ன ஃபினில் அவசரப்பட்டுப் பின்காலை அழுத்தினால் பிடி விட்டு வால் பக்கவாட்டில் வழுக்கும். காற்றை முதுகுப் பக்கம் வாங்கிக்கொண்டு, வேகம் பிடித்த பிறகுதான் காலில் பாரம் ஏற்ற வேண்டும். இது பழகப் பழகத்தான் வரும்.

போட்டிகளில் எல்லோரும் பீற்றிக்கொள்வது 2 விநாடி உச்சத்தை, அதாவது இரண்டு விநாடிக்கு எட்டிய அதிக வேகத்தை. நான் மதிப்பது ஆல்ஃபாவை: 500 மீட்டருக்குள் போய், திரும்பி, கிளம்பிய இடத்துக்கு 50 மீட்டருக்குள் வந்து சேர வேண்டும். திரும்பும்போது வேகத்தை விடாமல் வைத்திருப்பவர் யார் என்று அதில் தெரிந்துவிடும். எனக்கு இன்னும் 19 நாட்டைத் தாண்டவில்லை. இந்த போர்டில் ஒழுங்காகத் திரும்புவது கஷ்டம் என்பது என் சாக்கு. கிளப்பில் அதை யாரும் ஏற்பதில்லை.

சாமான் எப்படி உழைத்தது? இரண்டாம் வருடம் கால்பட்டைத் திருகு ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது, ரெசின் ஊற்றி ஒட்டினேன். பாயின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பகுதி ஐந்தாம் வருடம் வெயிலில் விறைத்து விரிசல் விட்டது. ஓட்டி முடித்ததும் சுருட்டாமல் புல்வெளியில் போட்டு வைத்த என் தப்பு. பூமும் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி) மாஸ்ட்டும் (பாயைத் தாங்கும் கம்பம்) அப்படியே இருக்கின்றன.

இப்போது உச்சம் 37.2 நாட். போர்டை விற்க மாட்டேன், புதிதாக ஒன்று வாங்கவும் மாட்டேன். என் எடை 68 கிலோ. இந்த விளையாட்டில் அது பஞ்சு. கனமான ஆட்கள் பெரிய பாயைத் தாங்கிப் பறப்பதைப் பார்த்துப் பார்த்து, எடை கூட்டும் ஜாக்கெட் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.