பழைய இசைத்தட்டு வாங்குவோர் கவனத்துக்கு: என் 18,500 ரூபாய் போன விதம்

பழம்பொருள் வாங்கி விற்கும் இணையச் சந்தை ஒன்றில் 18,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு, கொதிப்பு அடங்காமல் இதை எழுதுகிறேன். "பாகவதர், கிட்டப்பா அசல் இசைத்தட்டுகள், வானொலி ஒலிநாடாவுடன்" என்ற விளம்பரம் உங்கள் கண்ணிலும் படலாம். தேக்கு மேசைமேல் ஆறு தட்டுகள், பக்கத்தில் சக்கரத்தில் சுற்றிய பழைய ஒலிநாடா (ஸ்பூல்) ஒன்று, பின்னால் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி. இந்தப் படத்தைக் கண்டால் தொடாதீர்கள்.

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் வட்டாரத்தில் இந்தத் தட்டுகளைத் தேடி அலைகிறவர்கள் சிலர்தான். எங்கள் பலவீனம் என்னவென்று இந்த ஏமாற்றுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் மறைந்தவர். அவர் சினிமாவில் நடிக்கவே இல்லை. அந்தக் குரலில் நமக்கு மிஞ்சியிருப்பது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளில் பதிந்தது மட்டுமே, அதுவும் பக்கத்துக்கு மூன்று நிமிடம். சினிமாவில் பாடி நடித்துப் புகழ்பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதரோ, பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் கைதாகி, 1947-இல்தான் விடுதலையானார். வெளியே வந்த பிறகு பழைய வெற்றி திரும்பவில்லை. 1959-இல் போய்விட்டார். அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் வானொலியில் பாடிய ஒலிப்பதிவு கிடைக்கிறது என்றால் எந்த ரசிகனுக்குத்தான் நெஞ்சு படபடக்காது? வானொலி நிலையங்களில் பழைய நாடாவை அழித்து அதன்மேலேயே மறுபடி பதிவு செய்வது வழக்கமாக இருந்த காலம் அது. வீட்டில் யாரோ பிடித்து வைத்த நாடா தப்பிப் பிழைத்திருக்கிறது என்று சொன்னால் நம்பத்தான் தோன்றும். விற்றவர் அதைத்தான் சொன்னார்.

முதல் பேச்சிலேயே, "ஐயா, வேலூரா நீங்கள்? அப்பா ஆரணிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்க்கும் திருவிழா எல்லாவற்றுக்கும் இந்தத் தட்டுகள்தான் போகும். அவர் காலமான பிறகு காப்பாற்ற ஆள் இல்லை. மதிப்புத் தெரிந்தவர் கையில் சேர்ந்தால் போதும்" என்றார். விலையைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறவர் போலப் பேசினார். பிறகு, "ஒரு நிமிடம் ஐயா, கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லித் தொலைபேசியைக் கீழே வைத்தார். கிராமபோனுக்குச் சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது. ஊசி விழுந்தது. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே பாகவதரின் குரல் உச்சத்தில் எழும்பியது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்று கேட்டாள். பாட்டு முடியும்வரை இருவரும் பேசவில்லை. அன்றிரவே அந்தத் தளத்தின் வழியாகவே பணத்தைச் செலுத்தினேன். தட்டுகளுக்கு 12,000, நாடாவுக்கு 6,500. ஆக 18,500 ரூபாய்.

பார்சலைக் கையில் வாங்கும்போதே உள்ளே சில்லுகள் உருளும் ஓசை கேட்டது. இந்தத் தட்டுகள் அரக்கோடு கல்தூள் கலந்து செய்தவை. வளையாது, விழுந்தால் உடையும். அவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மெல்லிய அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து அனுப்பியிருக்கிறார்கள். நான்கு தட்டுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. மீதி இரண்டு முழுதாக இருந்தன, ஆனால் லேபிளின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் ஒற்றியதும் வண்ண நகல் எடுத்த காகிதம் உரிந்து வந்தது. அடியில் தெலுங்கு எழுத்து. சுழலவிட்டால் யாரோ ஒருவரின் தெலுங்கு ஹரிகதை! லேபிளில் இருந்த எண்ணும் தட்டின் உள்விளிம்பில் பொறித்திருந்த எண்ணும் ஒத்துப்போகவே இல்லை.

நாடா இன்னும் மோசம். தோட்டப்பாளையத்தில் ஸ்பூல் கருவி வைத்திருக்கும் ரேடியோ மெக்கானிக் நண்பரிடம் எடுத்துப்போனேன். பாகவதரின் குரல்தான் வந்தது. ஆனால் அது எங்கும் கிடைக்கிற சினிமாப் பாட்டு, வானொலிக் கச்சேரி அல்ல. நடுவில் "டிக் டிக் டிர்ர்" என்று ஓர் அதிர்வு. நண்பர் சட்டென்று கருவியை நிறுத்தினார். செல்போனுக்கு அழைப்பு வருவதற்கு முன் ஒலிபெருக்கியில் கேட்குமே, அதே சத்தம். பாகவதர் காலத்து நாடாவில் செல்போன் இரைச்சல் எப்படி வரும்?

விற்றவரை அழைத்தேன். "அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது, கூரியரைக் கேளுங்கள்" என்றார். கூரியர் அலுவலகத்தில், "உடையக்கூடிய பொருள் என்று அனுப்பியவர் குறிப்பிடவில்லை, காப்பீடும் செய்யவில்லை, நாங்கள் என்ன செய்வது?" என்றார்கள். லேபிள் மோசடியைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டபோது, "அப்பா எப்படி வைத்திருந்தாரோ அப்படியே கொடுத்தேன் ஐயா" என்றார் அந்த மனிதர். செத்துப்போன தகப்பனைக்கூட விட்டுவைக்கவில்லை. அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டார். தளத்துக்குப் புகார் அனுப்பினால், "பொருள் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. பழைய பொருட்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது. உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று பதில் வருகிறது. யார் முடித்தது? என் 18,500 ரூபாய் எங்கே முடிந்தது? மறுபடி எழுதினால் அதே மூன்று வரி. பேச ஒரு மனிதர்கூட இல்லை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தொலைபேசியில் கேட்கும் பாட்டை நம்பாதீர்கள், அதை எதிலிருந்தும் ஒலிக்கவிடலாம். தட்டு சுழலும்போதே லேபிளும் உள்விளிம்பு எண்ணும் தெரியும்படி வீடியோ கேளுங்கள். கெட்டி அட்டைகளுக்கு இடையில் நிற்கவைத்துக் கட்டச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதைப் படம் பிடியுங்கள், நான் பிடித்ததால்தான் இன்று கையில் ஆதாரம் இருக்கிறது. முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். இணையப் பணமோசடி என்றால் 1930, நுகர்வோர் புகார் என்றால் 1915 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிவிட்டேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இன்று காலை பார்த்தால் அதே தேக்கு மேசைப் படம், வேறு பெயரில், 21,000 ரூபாய்க்கு மறுபடி ஏறியிருக்கிறது. யாராவது அதை வாங்கப் பேசிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், உங்கள் ரசீதையும் என் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.