ஹட்டன் சனிக்கிழமை வகுப்பு: தகட்டுக் கணக்கு எவ்வளவு பிழைக்கும் என்று தெரிய வேண்டுமா, போங்கள்

ஆறு சனிக்கிழமையும் போய் முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடி, நாங்கள் பன்னிரண்டு பேர், ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் தமிழிலேயே நடத்துகிறார். தேயிலை பெக்டரியில் பராமரிப்பு வேலை பார்க்கும் எனக்குச் சுமை ஏற்றினால் தகடு எவ்வளவு தொய்யும் என்ற சூத்திரம் ஏற்கெனவே தெரியும், அதை எந்த இடத்தில் நம்பக்கூடாது என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. சேர் முதல் நாளே அங்கேதான் தொடங்கினார்.

கேர்ச்சோஃப் 1850இல் தந்த தகட்டுக் கோட்பாடு கொய்வால், அதாவது தகட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கப் பார்ப்பதால், வரும் தொய்வை விட்டுவிடுகிறது. மின்ட்லின் 1951இல் எழுதிய கோட்பாடு அதைச் சேர்த்துக்கொள்கிறது. நான்கு விளிம்பிலும் சும்மா தாங்கிய, அதாவது விளிம்பு இறுகாமல் சாய இடமுள்ள, சதுரத் தகட்டில் சீரான சுமை என்றால், பக்கம் தடிப்பைப் போல 20 மடங்காக இருக்கும்போது இரண்டு விடைக்கும் வித்தியாசம் சுமார் 1 சதவீதம், 10 மடங்கில் 5, 5 மடங்கிலோ 20 சதவீதம். இந்த எண்களை அவர் பலகையில் எழுதிப் போடவில்லை, எங்களையே போட்டுப் பார்க்க வைத்தார், அதனால்தான் மனதில் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வாரம். அவரவர் வேலைத்தளத்துக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பெக்டரித் தரையில் குழியை மூடிய 1 மீட்டர் சதுர, 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, மேலே அரைத் தொன் தூள் மூடைகள். சூத்திரப்படி நடுவில் 5 மில்லிமீட்டர் தொய்வு. இவ்வளவு மெல்லிய தகட்டில் கொய்வுப் பிழை ஒன்றுமே இல்லை, ஆனால் தொய்வு தடிப்பை நெருங்கிவிட்டதால் தகடு இழுபட்டுத் தாங்கத் தொடங்கும், எளிய கோட்பாடு அதைப் பார்க்காமல் தொய்வைக் கூட்டிச் சொல்லும் என்றார். தடித்த தகட்டில் குறைத்துச் சொல்லும், மெல்லியதில் கூட்டிச் சொல்லும்! அப்புறம் கேட்டார், விளிம்பைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று. ஆமாம், சுற்றிவர வெல்டிங். விளிம்பு முழுதாக இறுகியிருந்தால் சூத்திரத்தில் பெருக்கும் குணகம் சும்மா தாங்கிய தகட்டின் 0.00406 இல்லை, 0.00126, தொய்வு 1.6 மில்லிமீட்டர்தான். நூல் கட்டி அளந்தேன், 2 மில்லிமீட்டர் சொச்சம். இத்தனை நாள் கோட்பாட்டையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், பெரிய பிழை நான் விளிம்பை எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதில் இருந்திருக்கிறது.

குறையும் இருக்கிறது. கொடுத்த போட்டோகொப்பிகள் மங்கல், சூத்திரங்களில் கீழே சிறிதாக வரும் கீழொட்டு எழுத்துகள் தெரியவே இல்லை, ஒரு முழு மாலை உட்கார்ந்து கொப்பியில் திருத்தினேன். கணினிப் பகுதியைக் கடைசி அரை மணித்தியாலத்தில் ஓட்டிவிட்டார், அதற்குத் தனியாக ஒரு நாள் கட்டாயம் வேண்டும். டயகம பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்காகப் பின்னேரம் மூன்று மணிக்கே வகுப்பிலிருந்து எழும்பிப் போய்விடுகிறார்கள், நல்ல கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அடுத்த முறை காலை எட்டுக்கே தொடங்கினால் அவர்களும் முழுதாக இருந்து கேட்கலாம், சேரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.