ஜெர்மனிக் குக்கரும் எங்கள் மைனியும்

களியக்காவிளையில் பஸ் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கிவிடலாம். படம் பார்க்க எங்களுக்கு அந்தப் பக்கம்தான் பழக்கம். 2024 நவம்பரில் ‘ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்’ தியேட்டருக்கு வந்தபோது மைனியையும் (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இழுத்துக்கொண்டு போனேன். “அவார்டு படம்னா எனக்கு உறக்கம் வரும், எட்டி” என்று பாறசாலை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். தியேட்டரில் எங்களையும் சேர்த்து இருபது பேர் இருந்தால் அதிகம்.

இயக்குநர் பாயல் கபாடியாவுக்கு இது முதல் கதைப்படம். அதற்கு முன் ஆவணப்படம் எடுத்தவர். படம் அந்த ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில், அங்கே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கியது. அங்கே போட்டிப் பிரிவில் ஓர் இந்தியப் படம் நுழைந்ததே, ஷாஜி என். கருணின் ‘ஸ்வம்’ போன 1994க்கு அப்புறம் இப்போதுதான். மலையாளத்தில் ‘பிரபயாய் நினச்சதெல்லாம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு அகராதி தேவையில்லை. பிரபை என்றால் ஒளி, நாயகியின் பெயரும் பிரபா. ஆங்கிலத் தலைப்பில் இந்த ருசி கிடைக்காது.

பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் மலையாளி நர்சுகளின் கதை இது. நானும் தொண்ணூறுகளில் ஆறு வருடம் பம்பாயில் நர்சாக இருந்தவள். அதனால் கதையைவிட முதலில் வேலையைத்தான் கவனித்தேன். சினிமா நர்சு என்றாலே எனக்கு எரிச்சல். டாக்டர் பின்னால் தட்டு ஏந்தி நிற்பாள், இல்லையென்றால் ஆடுவாள். இதில் பிரசவம் முடிந்து வந்த நஞ்சுக்கொடியின் வாடைக்குப் புதுப் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்க, பிரபா அதட்டுகிறாள். நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு சேச்சியிடம் அதே அதட்டு கிடைத்தது. கவுன்டரில் உட்காரும் இளைய நர்ஸ் அனு, கருத்தடை மாத்திரை அட்டையை ஒரு பெண்ணிடம் நைசாகத் தள்ளிவிடுவதும் அப்படியே நடக்கிற காரியம்.

பிரபாவாக கனி குஸ்ருதி. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் புருஷன் ஜெர்மனிக்குப் போய்விட்டான், போனும் நின்றுவிட்டது. அவளோடு ஒரே வீட்டில் தங்கும் அனு (திவ்ய பிரபா), ஷியாஸ் என்ற முஸ்லிம் பையனைக் காதலிக்கிறாள். ஆஸ்பத்திரியில் சமைக்கும் பார்வதியை (சாயா கதம்), இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்த இடத்திலிருந்து பில்டர் விரட்டுகிறான். இறந்துபோன கணவர் மில் தொழிலாளி. அவள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ‘பத்திரம் ஆம்பிளைகிட்ட இருக்கட்டும்’ என்று சொல்லும் வீடுகள் எங்கள் விளவங்கோடு தாலுகாவிலும் நிறைய. அந்த பில்டரின் விளம்பரப் பலகை மேல் பார்வதியும் பிரபாவும் கல் எறியும் இடத்தில் மைனி சத்தமாகச் சிரித்தார்.

அதுவரை சரி. அப்புறம் குக்கர் வந்தது.

ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல். கடிதம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை, உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு ரைஸ் குக்கர். ஒரு ராத்திரி பிரபா தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். பின்னணியில் மழைச் சத்தம், வசனம் கிடையாது. பக்கத்தில் மைனியின் மூச்சு மாறியது தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மைனியின் வீட்டுக்காரர் என் கூடப்பிறந்த அண்ணன். பதினேழு வருடம் சவுதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு, நடுவே யார் கையிலாவது பெட்டி வரும். வந்த மிக்ஸியையும் டார்ச்சையும் கம்பளியையும் நாங்கள் எல்லோரும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டோம். பெட்டியைப் பிரிக்கும்போது மைனியின் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

கவிதை நோட்டோடு பிரபாவைச் சுற்றிவரும் டாக்டராக நெடுமங்காட்டு அசீஸ். டிவி காமெடியில் பார்த்த ஆள், இங்கே பாவமாக இருக்கிறார். அனு, ஷியாஸ் காட்சிகளில் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் போனில் பரப்பிய கூட்டத்தைப் பற்றி எழுத இங்கே இடமில்லை.

இடைவேளைக்கு அப்புறம் மூவரும் ரத்னகிரிப் பக்கம் பார்வதியின் கடற்கரைக் கிராமத்துக்குப் போகிறார்கள். இனி வருவது முடிவோடு சேர்ந்தது, படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கரையில் ஒதுங்கிய ஓர் ஆளை பிரபா காப்பாற்றுகிறாள். அங்குள்ள பாட்டி அவனை அவள் புருஷன் என்று நினைத்துக்கொள்ள, ராத்திரி அவன் புருஷனாகவே பேச ஆரம்பிக்கிறான். பம்பாயை அவ்வளவு நிஜமாகக் காட்டிவிட்டு இங்கே கனவுக்குள் தாவியது எனக்கு ஒட்டவில்லை. அவன் நெஞ்சை அழுத்தும் கையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற நர்சுக்கு, அடுத்த நிமிடம் மாயத்துக்குள் போகச் சிரமம். அனுவும் ஷியாஸும் குகைக்குள் போகும் காட்சியையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் இதைச் சொன்னேன். மைனி ஒத்துக்கொள்ளவில்லை. “கனவு என்னடி கனவு? அண்ணன் அங்க இருந்தப்போ ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டு நானும் அப்படித்தான் பேசுவேன். நானே கேப்பேன், அவரும் பதில் சொல்லுவாரு. இனி வரவேண்டாம்னுகூட ஒரு நாள் சொல்லிப்போட்டேன். ஆனா மறுமாசம் லீவுல வந்துட்டாரு” என்றார். நெய்யாற்றின்கரை தாண்டும் வரை எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் காட்சி இப்போதும் எனக்கு முழுசாக ஒட்டவில்லைதான். மைனியிடம் சொல்லவில்லை.

டிக்கெட் காசு வீண் இல்லை. மெதுவாகப் போகும் படம், பொறுமை இருந்தால் பாருங்கள். வீட்டில் போனில் பார்ப்பதாக இருந்தால் இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் ரணபீர் தாஸ் எடுத்திருக்கும் மழைக்கால நீலம் பகல் வெளிச்சத்தில் தெரியாது.

வீடு சேர ஒன்பது மணி ஆயிற்று. திண்ணையில் இருந்த அண்ணன் எழுந்து லைட் போட்டுவிட்டு, “எதப் பத்தின படம்?” என்று கேட்டார்.

“ஒரு குக்கரப் பத்தி” என்று சொல்லிவிட்டு மைனி கஞ்சி சூடாக்க அடுக்களைக்குப் போய்விட்டார்.