சேது காசு வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் பழைய காசும் முத்திரையும் விற்கும் ஒருவரிடம் யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேது காசு ஒன்றும், 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் வெள்ளிக் காசு ஒன்றும் வாங்கினேன். சேர்த்து 38,000 ரூபாய். இரண்டும் போலி. ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

சேது காசைக் காட்டி, "யாழ்ப்பாணத்தில ஒரு வளவில கிணறு வெட்டேக்க வந்தது, தம்பி" என்றார். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக் காசுக்கு உரியதெல்லாம் அதில் இருந்தது: ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் 'சேது'. பச்சைக் களிம்பும் குறைவில்லை.

என் மச்சானும் அவரிடமே ஒன்று வாங்கியிருந்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் விஷயம் வெளித்தது. நந்தியின் திமிலில் ஒரே இடத்தில் தேய்வு, விளிம்பில் ஒரே வெட்டு. இவை சுத்தியலால் கையால் அடித்த காசுகள். ஒரே அச்சில் அடித்தாலும் ஒன்று இந்தப் பக்கம் சாயும், இன்னொன்று அந்தப் பக்கம் சாயும். அதன் பிறகு பட்ட தேய்வும் வெட்டும் இரண்டில் ஒன்றுபோல வரவே வராது, ஓர் அசலிலிருந்து வார்ப்பு எடுத்தாலொழிய. லென்ஸில் பார்த்தால் மேலெல்லாம் குமிழிக் குழிகள், விளிம்பில் அரம் போட்ட கோடு. களிம்போ அசிட்டோனில் நனைத்த பஞ்சோடு வந்துவிட்டது. வெறும் பெயின்ட்!

ஐந்து ரூபாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அசல் 92.5 சதவீத வெள்ளி, 28.28 கிராம். செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடை அண்ணையின் தராசில் 22 கிராம் சொச்சம் காட்டியது. அவர் உரைத்துப் பார்க்கவும் இல்லை, திருப்பித் தந்துவிட்டார்.

கொண்டுபோய்க் கேட்டால், "துடைச்சுப்போட்டீங்க, இனி எடுக்க ஏலாது" என்கிறார். சரி, துடைக்காத வெள்ளிக் காசு? அதற்குப் பதில் இல்லை. வாங்கும்போது பில் கேட்டதற்கும் "எங்களுக்குள்ள என்னத்துக்கு பில்" என்றவர்தான் இவர்.

கோட்டை சத்தாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. அசல் காசுகளை அங்கே கண்ணால் பார்த்துவிட்டு வாங்கப் போங்கள். 'போலியென்றால் பணம் திருப்பித் தரப்படும்' என்று பில்லில் எழுதித் தராதவரிடம் பேரம் பேசுவதே வீண். இப்போது அவரிடம் ஒல்லாந்தர் காலத்துத் துட்டுகள் ஒரு தட்டு நிறைய வந்திருப்பதாகக் கேள்வி. போகிறவர்கள் ஒன்றோடு நிற்காமல் நாலைந்தை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்.